நாற்பத்திரண்டு இஞ்ச் மெஷினும் ஒரு சாண் கம்பியும்

போன வாரம் மேடவாக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சொந்தமாகப் புல்தரை பராமரிப்புத் தொழில் தொடங்கப் போகிறாளாம். இரண்டு அடுக்ககங்களில் பேசி முடித்துவிட்டாள், மெஷின் வாங்குவதுதான் பாக்கி. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, ஒரே ஒரு டவுட்டுதான். முப்பத்தாறு இஞ்ச் டெக் வாங்கவா, நாப்பத்திரண்டு வாங்கவா? கடைக்காரர் நாப்பத்திரண்டுதான் நல்லா போகுதுன்றார்."

நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, வாய் வரவில்லை. "அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, சிக்னல் இல்லை என்று நினைத்து வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதி அனுப்புறேன்மா" என்று செய்தி போட்டேன். பேச்சில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னால் வாயால் சொல்ல முடிவதில்லை. 

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. புல் வெட்டும் மெஷினின் அடியில், கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கும். அதற்குள்தான் கத்தி சுழலும். அந்தக் கூட்டுக்குப் பெயர் டெக். அது எத்தனை அகலமோ, ஒரு ஓட்டத்தில் அத்தனை அகலத்துக்குப் புல் வெட்டுப்படும். தள்ளிக்கொண்டு போகிற சின்ன மெஷின் இருபத்தொரு இஞ்ச். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவை முப்பது, முப்பத்தாறு, நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று போகும். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும். இவ்வளவுதான் கணக்கு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இவ்வளவு மட்டும்தானா என்பதுதான் என் கதை.

நான் இந்தத் தொழிலைப் படித்து வந்தவள் இல்லை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனி வளாகத்தில் கோரை பிடுங்கக் கூலிக்கு வந்தேன். வேரோடு பிடுங்குகிறேன் என்று பார்த்துவிட்டு மேஸ்திரி ஹோஸ் பைப்பைக் கையில் கொடுத்தார். அப்புறம் தள்ளு மெஷின், அப்புறம் கத்தி கழற்றித் தீட்டுவது, அப்புறம் ஆட்களை மேய்ப்பது. கூட வேலை செய்தவர்களின் வாய்தான் எனக்குப் புத்தகம். ஒருத்தர் நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு முழுக்க அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். "வசந்தா கிட்ட பேசினா பேச்சுக்கே பாலிஷ் போட்டுத் திருப்பித் தருவா" என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். இப்படியே சூப்பர்வைசர் ஆகி, அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றேன்.

கடைசியாக நான் வேலை பார்த்தது புல்தரை காண்ட்ராக்ட் எடுக்கிற தயாளன் சாரிடம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அவருடைய ஷெட். சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பெருக்குகிற பெண்ணைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். நாம் ஒன்று சொல்லி அது அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் "இல்லை" என்று சொல்ல மாட்டார். "இருக்கலாம்" என்பார். சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வெள்ளைச் சட்டையோடு மண்ணில் முழங்கால் போட்டு, மெஷினுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பார். எங்களோடு புல் வாருகிற செல்வி ஒரு நாள் சொன்னாள்: "சாரு பொண்ணு பாக்கப் போன வூட்லயும் டேப்பு போட்டு அளந்துட்டுத்தான் காபி குடிச்சிருப்பாரு."

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்பத்தில், சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு பெரிய வீடு. ரிட்டையர்டு அதிகாரி ஒருவர், புல்தரையைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர். நடுவில் மெத்தை மாதிரி ஒரு சின்ன மேடு. நாற்பத்தெட்டு இஞ்ச் மெஷினை விற்க வந்த கம்பெனிக்காரன் அங்கேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். சக்கரங்கள் மேட்டின் இரண்டு பக்கமும் இறங்கி நின்றன. நடுவில் டெக் மேட்டின் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டது. கத்தி புல்லை விட்டுவிட்டு மண்ணைச் சிரைத்தது. மெஷின் நகர்ந்த பிறகு பார்த்தால் நடு மேடு பளபளவென்று மொட்டை.

வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அவருக்கும் தலையில் ஒரு முடி கிடையாது. "ஏம்ப்பா, மேட்ச்சிங்கா இருக்கட்டும்னு செஞ்சீங்களா?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பம்ப் செட் பின்னால் போய் நின்றேன். சார் சிரிக்கவில்லை. அன்றைக்கே மரக்கடைக்குப் போனார்.

மறுநாள் அவர் கையில் சவுக்குக் கழிகள் இருந்தன. ஒவ்வொரு டெக்குக்கும் ஒரு கழி. அதன் பிறகு எந்த இடத்துக்கு மெஷின் வாங்குவதானாலும் இதுதான் நடைமுறை. இரண்டு பேர் கழியின் இரண்டு முனையையும் பிடித்து, தரையை ஒட்டிக் கிடையாக வைத்துக்கொண்டு, அந்த இடம் முழுவதும் நடக்க வேண்டும். மெஷின் எந்த வழியாகப் போகுமோ அந்த வழியாகவே. கழி நடுவில் தரையைத் தொட்டு இரண்டு முனையும் அந்தரத்தில் நின்றால், அங்கே மெஷின் மொட்டை அடிக்கும். முனைகள் தரையைத் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அங்கே புல் வெட்டுப்படாமல் குடுமி மாதிரி நிற்கும். இரண்டு மரத்துக்கு நடுவில் கழி மாட்டிக்கொண்டால் அங்கே தள்ளு மெஷின்தான். மாட்டுகிற இடத்தில் எல்லாம் நான் சுண்ணாம்புப் பொடி போடுவேன். நடந்து முடித்த பிறகு சார் சுண்ணாம்பைப் பார்ப்பார். வெள்ளை அதிகமாக இருந்தால் ஒரு சைஸ் இறங்கு. அவ்வளவுதான்.

இப்போது பள்ளிக்கரணைக்கு வருகிறேன்.

சதுப்பு நிலத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு பெரிய அடுக்ககம். கட்டடங்களுக்கு நடுவில் அவ்வளவு பெரிய புல்தரையை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தரை நல்ல சமம். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மெஷின் சத்தம் காலைல பதினொரு மணிக்கு மேல கேட்கக் கூடாது. வீட்லேருந்து வேலை பாக்கறவங்க எல்லாரும் எனக்குத்தான் மெசேஜ் போடறாங்க. அதுக்குள்ள முடிக்க முடியும்னா எடுத்துக்கோங்க. இல்லேன்னா வேற ஆள் பாக்கறேன்." அந்த வேலை கிடைத்தால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வருஷம் முழுக்க நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் பழையபடி இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ.

அதில் செல்விக்குத்தான் அது ரொம்பத் தேவையாக இருந்தது. அவள் கொட்டிவாக்கம் குப்பத்துப் பெண். புருஷன் ஏழுமலை கடலுக்குப் போகிறவன். மீன் கிடைக்காத மாதங்களில் வீடு இவள் கையில்தான். வெட்டிய புல்லை வாரிக் கூடையில் அள்ளுவது அவள் வேலை. வாய் ஓயாது. மெஷின் ஓட்டுகிறவர் பாஷா அண்ணன், பல்லாவரத்துக்காரர். அவருடைய அப்பா மோட்டார் சுற்றுகிற கடை வைத்திருந்தவர். அதனால் எந்த மெஷினையும் சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவார். "இதுக்கு நாக்கு கெடையாது வசந்தாம்மா, வயிறு மட்டும்தான். எது குடுத்தாலும் தின்னும், ருசி தெரியாது" என்பார் டெக்கைக் காட்டி. அதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

கழி நடந்தது. உள்ளே நாற்பத்திரண்டு இஞ்ச் கழி எங்கேயும் தட்டவில்லை. ஆனால் மெஷின் உள்ளே போகிற வழி பக்கவாட்டில் ஒரு இரும்பு கேட். நாலடி அகலம், இரண்டு பக்கமும் கான்கிரீட் தூண். இங்கேதான் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நாற்பத்திரண்டு என்பது வெட்டுகிற அகலம் மட்டும். டெக்கின் வலது பக்கத்தில் வெட்டிய புல் வெளியே பறக்கிற வாய் ஒன்று இருக்கும். அந்த வாய்க்கு மேல் ஒரு மூடி, ஸ்பிரிங் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். புல்லோடு ஒரு கல் வந்தாலும் அது தரையில் விழும்படி தடுப்பது அந்த மூடிதான். மூடியையும் சேர்த்து அளந்தால் நாற்பத்திரண்டு மெஷின் அந்தக் கேட்டில் நுழையாது. மூடியை மேலே மடக்கினால் நுழையும். முப்பத்தாறு என்றால் மூடியை மடக்காமலே நுழைந்துவிடும்.

அன்றைக்குக் கேட்டுக்கு முன்னால் நின்று பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"முப்பத்தாறு போதும் சார்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் சார். தரையில் குச்சியால் கோடு போட்டார். ஒவ்வொரு வரிசையும் முன் வரிசை மேல் நாலு இஞ்ச் ஏறித்தான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மீசை விடும். அது போக, திரும்புகிற நேரம், கூடையில் அள்ளுகிற நேரம், மழைக்காலத்தில் ஈரப் புல்லுக்கு மெதுவாகப் போகிற நேரம். "வெயில் நாள்ல முப்பத்தாறு பதினொரு மணிக்குள்ள முடிச்சிடும். ஐப்பசி, கார்த்திகைல முடிக்காது. அந்த அம்மா அப்பதான் வேலைய விட்டு நிறுத்துவாங்க."

"அப்ப மூடி சார்?" என்றார் பாஷா அண்ணன்.

"மடக்கிட்டு உள்ள போங்க. போனதும் இறக்கிடுங்க. இறக்காம ஸ்டார்ட் பண்ணக் கூடாது. முடியுமா?"

"அது ஒரு செகண்டு வேலை சார்."

"செல்வி, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் இன்னா சார் சொல்றது? வேல இருந்தா போதும். பெருசா வாங்குங்க, பாக்கறவன் வாயப் பொளக்கட்டும்."

எல்லாரும் சிரித்தோம். நாற்பத்திரண்டு வந்தது.

சிவப்பு நிறம். ஷெட்டில் இறக்கிய அன்றைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். செல்விக்கு அது பிடிக்கவில்லை. "இவ்ளோ கண்ணு பட்டா மெஷினு நாலு நாள் ஓடுமா?" என்று முணுமுணுத்தாள். வேலை தொடங்கிய கொஞ்ச நாளில் மெஷினின் முன்பக்கம், பம்பரில், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் ஒரு கரித்துண்டும் கோத்துத் தொங்கியது. குப்பத்தில் அவர்கள் படகின் மூக்கில் கட்டுவது போலவே. அமாவாசைக்கு அமாவாசை மாற்றிக் கட்டுவாள். "எனக்கும் சேத்துக் கட்டும்மா, என் பொண்டாட்டி கண்ணு ரொம்பப் பொல்லாதது" என்று பாஷா அண்ணன் சொல்வார். லாரியில் இருக்கிறது, ஆட்டோவில் இருக்கிறது, இளநீர் வண்டியில் இருக்கிறது. மெஷினில் இருப்பதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. தள்ளு மெஷின்களிலும் கட்டுவோம். ஆனால் அதில் கட்டுவது கைப்பிடியில். கைப்பிடி கத்திக்குப் பின்னால். அறுந்து விழுந்தாலும் மெஷின் தாண்டிப் போன பிறகுதான் விழும். இதில் பம்பர் முன்னால், டெக் அதற்குப் பின்னால். இந்தச் சின்ன வித்தியாசம், கழி செய்து அளந்த எங்களில் ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லை.

மழை விட்ட ஒரு காலை. ஈரப் புல், வெயில் லேசாக ஏறிக்கொண்டிருந்தது. பாஷா அண்ணன் கடைசி வரிசைகளில் இருந்தார். ஆட்கள் எப்போதும் மெஷினுக்கு இடது பக்கம்தான் நிற்க வேண்டும், வாய் இருக்கிற வலது பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். செல்வியும் இடது பக்கம்தான் இருந்தாள், நல்ல தூரத்தில், குனிந்து வாரிக்கொண்டு. வரிசை முடிந்து மெஷின் திரும்பியது. திரும்பும்போது வலது பக்கம் அவளை நோக்கிச் சுழன்று வரும். ஒரு மூச்சு விடுகிற நேரம்.

அப்போது டெக்கிலிருந்து "டங்" என்று ஒரு சத்தம். உடனே ஒரு வாசனை. வெட்டின புல் வாசனையோடு எலுமிச்சை வாசனை. பின்னாலேயே மிளகாய் நெடி. எனக்குத் தும்மல் வந்தது. செக்யூரிட்டி இருமினார். முதல் மாடி பால்கனியில் நின்ற பாட்டியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

"யார் வூட்லக்கா ஊறுகா போட்றாங்க?" என்று செல்வி அங்கிருந்தே கத்தினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாஷா அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, "பாத்தியா, இன்னைக்குத்தான் இதுக்கு ருசி தெரிஞ்சிருக்கு" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். செல்வியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது தோளுக்குக் கீழே கையை வைத்துத் தேய்த்தாள்.

"இன்னாடி?" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. எறும்பு போல கீது. சுருக்குன்னு கட்ச்சுது."

டீ வந்தது. குடித்தோம். அவளும் குடித்தாள்.

தயாளன் சார் வந்தது அப்போதுதான். வாரத்தில் ஒரு நாள் வந்து பார்ப்பார். நாங்கள் ஊறுகாய்க் கதையைச் சொன்னோம். அவர் சிரிப்பார் என்று பார்த்தால், நேராகப் போய் மெஷின் பக்கத்தில் முழங்கால் போட்டார். டெக்குக்கு அடியில் பார்த்தார். எழுந்து பம்பரைப் பார்த்தார். பம்பரில் எதுவும் தொங்கவில்லை. மாட்டியிருந்த கொக்கி மட்டும் ஆட்டத்தில் விரிந்துபோயிருந்தது.

"எதுல கட்டியிருந்தது?" என்று கேட்டார்.

"கம்பில சார்" என்றாள் செல்வி. "கெட்டிக் கம்பி. ஒரு சாண் இருக்கும்."

சார் புல்லுக்குள் தேட ஆரம்பித்தார். நாங்களும் தேடினோம். எலுமிச்சையில் பாதி கிடைத்தது. கரித்தூள் கிடந்தது. கடைசியில் பாஷா அண்ணன் கம்பியைக் கண்டுபிடித்தார். பாதிக் கம்பி. ஒரு முனையில் அழகாக முறுக்கிய ஒரு வளையம். மறுமுனை புதிதாக வெட்டுப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. சார் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"மீதி எங்கே?"

நாங்கள் மறுபடி புல்லைக் கிளறினோம். சார் மெஷினைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்றார். மூடியைப் பார்த்தார். பாஷா அண்ணன் அதை இறக்கித்தான் வைத்திருந்தார். ஆனால் தினமும் மடக்கி மடக்கி ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. முழுசாக இறங்காமல், தூக்கக் கலக்கத்தில் பாதி மூடிய கண் மாதிரி நின்றது. அந்த வாய்க்கு நேரே, திரும்புகிற இடத்திலிருந்து எங்கே கோடு போகிறது என்று சார் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போனார். கோடு போய் முடிந்த இடத்தில் செல்வியின் கூடை கிடந்தது.

சார் திரும்பி செல்வியைப் பார்த்தார். அவள் கை இன்னமும் தோளுக்குக் கீழேயே இருந்தது.

"வசந்தா, அவங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

பம்ப் செட் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஜாக்கெட்டை விலக்கிப் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி. குங்குமத்தைக் குச்சியால் தொட்டு வைத்த அளவு. ரத்தம்கூட வழியவில்லை. சுற்றிலும் வீக்கம் இல்லை. கம்பி உள்ளே போயிருக்கும் என்று நம்பவே முடியாது. வெளியே வந்து, "எறும்புக் கடி மாதிரிதான் சார் இருக்கு" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். கார் சாவியை எடுத்தார். "ஏறச் சொல்லுங்க." பாஷா அண்ணனும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"எறும்புக் கடிக்கு ஆஸ்பத்திரியா சார்? எங்க குப்பத்துல சொன்னா கைதட்டிச் சிரிப்பாங்க" என்றாள் செல்வி. கார் ரேடியல் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு வஞ்சிரம் விலை, பக்கத்து வீட்டுக்காரி புது மிக்சி வாங்கியது, எல்லாம். அப்புறம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"அக்கா, மூச்சு பாதிக்கு மேல உள்ள போக மாட்டேங்குதுக்கா."

அதுவரைக்கும் என் வாழ்க்கையில் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எதுவும் பயமே இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படம் எடுத்தார்கள். டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். சின்ன வயசு டாக்டர் அம்மா.  சாம்பல் நிற விலா எலும்புகளுக்கு நடுவில், பேனாவால் கிழித்தது மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. சுண்டுவிரல் நீளம். ஒரு முனையில் வளையம். அந்த வளையம் அத்தனை துல்லியமாகத் தெரிந்தது.

"நுரையீரலைத் துளைச்சிருக்கு. முனை இதயத்தை ஒட்டி நிக்குது. இவங்க நடந்து வந்தாங்கன்னா சொல்றீங்க?" என்றார்.

"டீ குடிச்சாங்க" என்றார் பாஷா அண்ணன். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்க கூட டீ குடிச்சாங்கம்மா."

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், எடுக்கும்போது என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்றார்கள். ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினோம். அன்றைக்கு அவன் கடலுக்குப் போகவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே வந்தான், கையெல்லாம் உப்பு. அவனுக்கு நாங்கள் சொன்னது ஒன்றும் புரியவில்லை. புல் வெட்டுகிற இடத்தில் நெஞ்சில் கம்பி எப்படிப் போகும்? டாக்டர் அவனிடமும் படத்தைக் காட்டினார்.

ஏழுமலை திரைக்குப் பக்கத்தில் போனான். அந்த வளையத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது என் முறுக்கு" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"சுறாத் தூண்டில் கம்பிங்க. பல்லால கடிச்சாலும் அறாது. இந்த மாறி ரெண்டு சுத்து உள்ள வாங்கி முறுக்கறது நான்தான். எங்க குப்பத்துல வேற யாரும் இப்டி முறுக்க மாட்டாங்க. கெட்டியா ஒரு துண்டு குடுன்னு கேட்டா. நான்தான் முறுக்கிக் குடுத்தேன்."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, முறுக்குவது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்று மத்தியானம் முழுவதும் ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் அதைத் தனக்கு இழுத்துக்கொண்டார்கள். "ஸ்பிரிங்கு தளந்துபோச்சுன்னு எனக்குக் காலால அமுக்கறப்பவே தெரிஞ்சுது வசந்தாம்மா. ஒரு ஒத விட்டா எறங்கிச்சு. சரிதான்னு வுட்டுட்டேன்" என்றார் பாஷா அண்ணன்.  தயாளன் சார் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல், "ஆறு இஞ்ச்" என்றார். "ஆறு இஞ்சுக்காக மூடியை மடக்கச் சொன்னேன்." "நீங்க எங்களுக்காகத்தான் சார்" என்றேன். முதல் தடவையாக அவர் "இருக்கலாம்" என்று சொல்லவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் டாக்டர் அம்மா வெளியே வந்து, "எடுத்துட்டோம். பிழைச்சுக்குவாங்க" என்றார். ஏழுமலை அவர் காலில் விழப் போனான். அவர் பின்னால் நகர்ந்து, "எனக்கே இன்னும் நம்ப முடியலை" என்றார்.

செல்வி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே சார் நாற்பத்திரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முப்பத்தாறு எடுத்தார். செயலாளர் அம்மாவிடம் நேரில் போய், மழை மாதங்களில் பாதியை ஒரு நாளும் மீதியை மறுநாளும் வெட்டுகிறோம் என்று கேட்டார். அவ்வளவு கண்டிப்பான அம்மா, நடந்ததைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம். அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் அளந்த எங்களுக்கு, கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அதனால், இதைப் படிக்கிற தம்பி தங்கைகளே, மேடவாக்கத்துப் பெண்ணே, என் பதில் இது. மூடி இறங்கிய நிலையில் எந்த மெஷின் உன் கேட்டில் நுழைகிறதோ, அதுதான் உன் சைஸ். நேரம் போதவில்லை என்றால் நேரத்தை நீட்டிக் கேள். டெக்கை நீட்டாதே. மெஷின் ஓடுவதற்கு முன்னால் தரையைப் பார்ப்பது போலவே மெஷினையும் பார். அதன் மேல் தொங்குகிற எதுவும் கடைசியில் அதன் வாய்க்குள்தான் போகும்.

செல்வியைப் பொது வார்டுக்கு மாற்றிய பிறகு நான் போய்ப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. "மெஷினுக்கு ஒண்ணும் ஆவலயேக்கா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. மெஷின் மாறிவிட்டது, இனிமேல் அதில் எதையும் கட்டக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்டி கம்பில கட்டின?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாய் நிற்கவில்லை.

"மொதல்ல நூல்லதான்க்கா கட்டினேன். மெஷினு ஆடற ஆட்டத்துல அறுந்து அறுந்து வுயுந்துச்சு. ரெண்டு மூணு வாட்டி. காஞ்சிபோன பயம், வாசனகூட வராம அடியில பூந்து தூளாப் போச்சு. யாருக்கும் தெரியாம வேற கட்டுவேன்."

 இரண்டு மூன்று தடவை எங்கள் எல்லார் கண் முன்னாலும் அது நடந்திருக்கிறது. நூல் என்பதால் பஞ்சாகப் பறந்திருக்கிறது. நாங்கள் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறோம்.

"அறுந்து வுயுந்தா பாஷாண்ணனுக்கு ஆவாதுக்கா. மேல குந்தினுகீறவரு அவருதான? அதான் எங்கூட்டுக்காரராண்ட கெட்டிக் கம்பி கேட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.  தையல் இழுத்தது போல, முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். வார்டில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று குரலைத் தணித்துக் கேட்டாள்:

"புது மெஷினுக்கு எத்துலக்கா கட்றது?"